அம்மாவின் முடக்கு வாதம்: வலி மாத்திரை மட்டும் ஏன் போதாது?

கேள்வி: அம்மாவுக்கு 47 வயது. 5 மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. காலையில் பாதமும் வலிக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். முடக்கு வாதம் என்று சொல்லி வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அது புற்றுநோய் மாத்திரை, ஈரல் கெட்டுவிடும்" என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். வலி மாத்திரை போட்டால் வலி குறைகிறது, அதுவே போதாதா? தன்னுடல் தாக்கு நோய் என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? எனக்கும் வருமா?

பதில்: போதாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எடோரிகாக்சிப் போன்றவை வலியையும் விறைப்பையும் குறைக்கும். எலும்பு அரிக்கப்படுவதை அவை நிறுத்துவதில்லை. வலி குறைந்த நாட்களிலும் மூட்டுக்குள் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். எலும்பு அரிப்பில் பெரும்பகுதி முதல் 2 ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுகிறது. மூட்டு வீங்கத் தொடங்கி 3 மாதத்துக்குள் மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து தொடங்கப்பட வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. அம்மாவுக்கு 5 மாதம் ஆகிவிட்டது. இனித் தள்ளிப்போட நேரமில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் எதிர்ப்பாற்றல் அணுக்கள் உருவாகும்போதே, சொந்த உடம்பின் புரதங்களைத் தாக்கக்கூடியவையும் அவற்றில் இருக்கும். டி அணுக்கள் என்ற வெள்ளணு வகையைப் பொறுத்தவரை, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை அங்கேயே அழித்துவிடுகிறது. தப்பி வெளியே வருபவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் இருக்கின்றன. இந்த இரண்டாவது காவலைக் கண்டறிந்ததற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காவல் தளரும் இடத்தில் தன்னுடல் தாக்கு நோய் பிறக்கிறது. தாக்கப்படும் திசுவைப் பொறுத்து நோய் மாறும். கணையத்தின் இன்சுலின் அணுக்கள் அழிந்தால் முதல் வகை நீரிழிவு. தைராய்டு தாக்கப்பட்டால் ஹாஷிமோட்டோ. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் தாக்குதல் நடந்தால் மயஸ்தீனியா. லூபஸில் அணுக்கருவின் பொருட்களுக்கு எதிராகவே எதிர்ப்புரதங்கள் உருவாகி, தோல், சிறுநீரகம், மூளை எனப் பல இடங்களைப் பாதிக்கின்றன. எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனால் மருத்துவம் ஒன்றல்ல. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

முடக்கு வாதத்தில் கதை பெரும்பாலும் மூட்டில் தொடங்குவதில்லை. நுரையீரல், ஈறு, குடல் போன்ற இடங்களில் சில புரதங்களின் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாற்றப்படுகிறது. புகை பிடிப்பதும் நாட்பட்ட ஈறு நோயும் இந்த மாற்றத்தைத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுவில் குறிப்பிட்ட வகை உள்ளவர்களின் எதிர்ப்பாற்றல், மாறிப்போன இந்தப் புரதத்தை அந்நியமாகக் கருதி எதிர்ப்புரதம் உருவாக்குகிறது. ஆன்டி-சிசிபி பரிசோதனை அதைத்தான் பிடிக்கிறது. மூட்டு வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கக்கூடும். ஆகவே "என்ன சாப்பிட்டதால் வந்தது, குளிர்ந்த தண்ணீரில் துணி துவைத்ததால் வந்ததா?" என்று அம்மா தன்னையே நொந்துகொள்ள வேண்டாம்.

பிறகு தாக்குதல் மூட்டுச் சவ்வுக்கு வருகிறது. இயல்பான நிலையில் அந்தச் சவ்வின் உள்வரிசை ஒன்றிரண்டு உயிரணு தடிமன்தான். நோயில் அது பல மடங்கு தடித்து, புதிய ரத்தக்குழாய்களுடன் சதைபோல வளர்கிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதங்கள் அங்கே பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எலும்பைக் கரைக்கும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. குருத்தெலும்பு மூடாத மூட்டு விளிம்பில்தான் முதல் அரிப்பு தெரியும். கால் சுண்டுவிரல் அடிமூட்டில் சீக்கிரமாகவே தெரிவதுண்டு. அதனால்தான் கைகளோடு பாதங்களையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கை எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தால் பாதங்களுக்கும் எடுத்துவிடுங்கள், பின்னாளில் ஒப்பிட அது அடிப்படை ஆவணம். தசைநார் உறைகளும் வீங்கித் தளர்ந்துபோவதால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன. அந்தக் கோணல் வந்த பிறகு எந்த மாத்திரையாலும் அதை நிமிர்த்த முடியாது.

அம்மாவுக்கு இருப்பது முடக்கு வாதம்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நோய் உள்ளவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத்தான் அது பாசிட்டிவ். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, முதுமை ஆகியவற்றிலும், நோயே இல்லாத சிலரிடமும் அது பாசிட்டிவாக வரும். ஆன்டி-சிசிபி இதைவிட நம்பகமானது. அது பாசிட்டிவாக, அதிலும் உயர்ந்த அளவில் இருந்தால் நோய் முடக்கு வாதம்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எலும்பு அரிப்புக்கான வாய்ப்பும் கூடுதல் என்று பொருள். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு.

ரத்தத்தைவிட விரல்கள் அதிகம் சொல்லும். முடக்கு வாதம் விரலின் அடிமூட்டையும் நடுமூட்டையும் மணிக்கட்டையும் பிடிக்கும், நகத்துக்கு அடுத்த நுனிமூட்டை பெரும்பாலும் விட்டுவிடும். நுனிமூட்டு மட்டும் கணுக்கணுவாகப் புடைத்திருந்தால் அது தேய்மான வாதமாக இருக்கலாம். நகத்தில் குழி குழியாக இருந்தால் சொரியாசிஸ் வாதத்தை நினைக்க வேண்டும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், பலருக்கு 1 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். விரல் அடிமூட்டுகள் நான்கையும் சேர்த்து, கை குலுக்குவதுபோல் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினால் வலிக்கும். நம் ஊரில் இன்னொன்றையும் விலக்க வேண்டும்: சிக்குன்குனியா. 2006இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வீக்கம் நீடித்தவர்களைப் பார்த்தோம். வீக்கம் தொடங்குவதற்கு முன் கடும் காய்ச்சலும் தடிப்பும் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இது மூட்டோடு நிற்கும் நோயும் இல்லை. இன்டர்லூக்கின்-6 ஈரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது உடம்பில் இருக்கும் இரும்பைக் கிடங்கிலேயே பூட்டிவிடுகிறது. நோய் அடங்காமல் இரும்பு மாத்திரை மட்டும் விழுங்கினால் ஹீமோகுளோபின் ஏறாததற்கு இதுதான் காரணம். வலி மாத்திரையால் வயிற்றில் புண் ஏற்பட்டு ரத்தம் கசிவதாலும் ரத்தசோகை வரும் என்பதால் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் உட்சுவரில் நீடிக்கும் அழற்சியால் மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும் வாத மருத்துவத்தின் பகுதிதான். ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு நுரையீரல் திசு தடித்துப்போகிறது. படி ஏறும்போது மூச்சிரைப்பு, வறட்டு இருமல் என்று அது தொடங்கும். கண்ணும் வாயும் உலர்ந்துபோகும். மணிக்கட்டு வீக்கத்தால் நரம்பு அழுந்தி, இரவில் விரல்கள் மரத்துப்போகும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதே இல்லை. நீண்ட நாள் கட்டுப்படாத முடக்கு வாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான தசைநார் தளர்ந்து, எலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். பின்மண்டை வலி, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு, கை கால் மரத்துப்போவது ஆகியவை அதன் அறிகுறிகள். இந்நோய் உள்ளவர்கள் யாரிடமும் கழுத்தைச் சொடுக்கு எடுக்கக் கொடுக்கக் கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் "எனக்கு முடக்கு வாதம் இருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். குழாய் போடுவதற்காகக் கழுத்தைப் பின்னால் வளைப்பார்கள் என்பதுதான் காரணம்.

இனி அந்த "புற்றுநோய் மாத்திரை". உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. மெத்தோட்ரெக்சேட் புற்றுநோயிலும் பயன்படும் மருந்துதான். ஆனால் எலும்புப் புற்றுநோயில் ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 12 கிராம் வரை ஊசியாக ஏற்றுகிறார்கள். அம்மாவுக்கு எழுதியிருப்பது வாரத்துக்கு 15 மில்லிகிராம். இந்தச் சிறிய அளவில் அது வேலை செய்யும் விதமே வேறு; அழற்சி இடத்தில் அடினோசின் என்ற பொருளைக் கூட்டி எதிர்ப்பாற்றல் அணுக்களைத் தணிக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவின் தலைமையில், லெடர்லி ஆய்வுக்கூடத்தில்தான் ஃபோலிக் ஆசிட் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதை எதிர்க்கும் இந்த மருந்துக் குடும்பமும் அங்கிருந்தே வந்தது. வாதநோய்க்கென அமெரிக்காவில் இது 1988இல் அங்கீகாரம் பெற்றது. இன்றும் உலகெங்கும் முடக்கு வாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான், விலையும் குறைவு.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிடுவது. உயிரிழப்பு வரை போன தவறு இது. நடப்பது எப்படியென்றால், சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று இருப்பதைக் கவனிக்காமல் மருந்துக்கடையில் "தினம் இரவு" என்று சொல்லிவிடுவார்கள். அல்லது வீட்டில் யாரோ மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். இன்னொரு குழப்பம் பெயரில் வரும்: ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட், ஃபோல்வைட் என்பது ஃபோலிக் ஆசிட். பெயரைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தினமும் விழுங்கினால் ஒரு வாரத்துக்குள் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிந்துவிடும்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். அட்டைமேல் தடித்த பேனாவால் "ஞாயிறு இரவு மட்டும்" என்று எழுதுங்கள். அந்த அட்டையைத் தினசரி மாத்திரைகளோடு வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். நாட்காட்டியில் போட்ட நாளைக் குறியுங்கள். 15 மி.கி. என்பது ஒரே மாத்திரையாகவும் வரும், 2.5, 5, 7.5, 10 மி.கி. மாத்திரைகளைச் சேர்த்தும் வரும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் உள்ள மி.கி. அளவைப் பாருங்கள், போன மாதம் 7.5இல் இரண்டு போட்டவர் இந்த மாதம் 15இல் இரண்டு போட்டுவிடக் கூடாது. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.யை மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில், மருத்துவர் எழுதியபடி, போட வேண்டும். அது வாய்ப்புண், குமட்டல், ஈரல் நொதிகள் உயர்வது ஆகியவற்றைக் குறைக்கிறது. இது சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடுபவர்களுக்குத்தான் பக்க விளைவு அதிகம் வருகிறது.

ஞாயிறு மறந்துவிட்டால் செவ்வாய்க்குள் போடலாம். அதற்கும் மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வழக்கமான அளவு மட்டும். இரண்டு வார அளவைச் சேர்த்துப் போடவே கூடாது. தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். லூகோவோரின் என்ற முறிவு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பயன்.

குமட்டல் வந்தால் இரவு உணவுக்குப் பின் போட்டுவிட்டுத் தூங்குவது உதவும். ஒரே நாளில் காலை பாதி, இரவு பாதி என்று பிரித்துக் கொடுப்பதும் உண்டு. இதை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் "தினமும்" என்ற குழப்பம் இதிலிருந்தே முளைக்கும். 15 மி.கி.க்கு மேல் போகும்போது குடல் உறிஞ்சும் அளவு அதற்கேற்ப ஏறுவதில்லை. அப்போது தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாறினால் பலனும் கூடும், குமட்டலும் பலருக்குக் குறையும். வாரத்துக்கு 20 முதல் 25 மி.கி. வரை ஏற்றுவார்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான தோல்விக் காரணம்.

ஈரல் பயத்துக்கு விடை பரிசோதனை. தொடங்கும் முன் ரத்த அணுக்கள், எஸ்.ஜி.பி.டி. (ஈரல் நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), ஹெபடைடிஸ் பி மற்றும் சி, மார்பு எக்ஸ்ரே ஆகியவை முடிந்திருக்க வேண்டும். முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு 2 அல்லது 3 மாதத்துக்கு ஒரு முறையும் முதல் மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். எஸ்.ஜி.பி.டி. 100ஐத் தாண்டினாலோ, வெள்ளணுக்கள் 3,500க்குக் கீழ் போனாலோ, தட்டணுக்கள் 1.4 லட்சத்துக்குக் கீழ் போனாலோ, அடுத்த மாத்திரை போடும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரை போட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தால் எஸ்.ஜி.பி.டி. தற்காலிகமாக உயர்ந்து காட்டலாம். அடுத்த மாத்திரைக்கு ஓரிரு நாள் முன் கொடுப்பது நல்லது. மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் கிரியாட்டினின் முக்கியம். வயிற்றுப்போக்கு, வாந்தியால் உடம்பில் நீர் வற்றியிருக்கும் வாரத்தில் மாத்திரையை நிறுத்தி வையுங்கள். காய்ச்சலோடு தொற்று வந்து ஆன்டிபயாடிக் சாப்பிடும் வாரத்திலும் அப்படியே. ஆன்டிபயாடிக்குகளில் கோ-டிரைமாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் இவருக்கு ஆகவே ஆகாது, மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போகும்போது இந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மது முடிந்தவரை வேண்டாம்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மென்மையான மருந்து. அளவு மட்டும் எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அம்மா 50 கிலோ என்றால் தினம் 400 மி.கி. அதிகம். முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் இன்னும் முன்கூட்டியே.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரெட்னிசோலோன் மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும் வரைக்குமான பாலம். குறைந்த அளவில் தொடங்கி 3 மாதத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே நோக்கம். இரண்டு நாளில் அது கொடுக்கும் நிம்மதி அபாரமானது என்பதால், மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு இதை மட்டும் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் நிறைய. சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது, கண்புரை வருகிறது, இடுப்பு மூட்டின் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது சிதைகிறது. 3 வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தவும் கூடாது. அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு என்று ஆபத்தாகும். தொற்று வந்த வாரத்தில் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவோம், ஸ்டீராய்டை நிறுத்த மாட்டோம். இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொடியும் உருண்டையும் ஒரே வாரத்தில் வீக்கத்தை வற்ற வைத்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். முகம் உருண்டையாக ஊதுவது, தோல் எளிதில் கன்றிப்போவது அதன் தடயங்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போவதாக இருந்தாலும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை அவரிடம் சொல்லுங்கள், அவர் கொடுத்ததை வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்ததோடு மருத்துவம் முடிவதில்லை, அளந்து பார்த்து மாற்றுவதில்தான் வெற்றி இருக்கிறது. கிளாஸ்கோவில் 110 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான டிகோரா ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பிரிவினரை மாதம் ஒரு முறை வரவழைத்து, வீங்கிய, வலிக்கும் மூட்டுகளை எண்ணி, நோயின் தீவிர மதிப்பெண் குறையாவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 18 மாதத்தில் முதல் பிரிவில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றதில் 16 சதவீதம். பயன்படுத்தியவை எல்லாம் விலை குறைந்த பழைய மருந்துகளே. எனவே ஒவ்வொரு முறையும் 28 மூட்டுகளைத் தொட்டு எண்ணி, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து டாஸ்-28 மதிப்பெண் போடச் சொல்லிக் கேளுங்கள். 2.6க்குக் கீழ் வந்தால் நோய் அடங்கியிருக்கிறது. 3 மாதத்தில் நல்ல முன்னேற்றமும் 6 மாதத்தில் இலக்கும் எட்டாவிட்டால் மருந்தை மாற்றும் பேச்சை நீங்களே எடுக்கலாம். மாவட்டத்தில் வாதநோய் நிபுணர் இல்லையென்றால், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனித் துறையே இருக்கிறது.

அடுத்த கட்டமாக சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைடு சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் உயிரியல் ஊசிகள். லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் நோயாளிகளிடம் முதலில் சோதித்துக் காட்டிய வழி இது. இந்தியாவில் இதற்கு முன் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது காசநோய் சோதனை. உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றிச் சுவர்போல அணுக்களை நிறுத்தி வைத்திருப்பதே டி.என்.எஃப். தான்; அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளும். மான்டு அல்லது இக்ரா சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் பார்த்து, தேவைப்பட்டால் முதலில் காசநோய்த் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். டோஃபாசிடினிப் என்ற மாத்திரை ஊசிகளைவிட மலிவு என்பதால் இங்கே எளிதாக எழுதப்படுகிறது. அதற்கும் காசநோய் சோதனை வேண்டும். அக்கி வரும் வாய்ப்பு கூடும். 65 வயதைக் கடந்தவர்கள், புகை பிடிப்பவர்கள், இதய நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

சாப்பாட்டில் தக்காளி, கத்தரிக்காய், புளி ஆகியவற்றை விலக்கினால் நோய் அடங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மத்தி, சூரை போன்ற எண்ணெய் மீன்கள் கொஞ்சம் உதவும். எடை குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. வீங்கிய மூட்டுக்கு ஓய்வு, வீக்கம் வற்றியதும் தினமும் அசைவு. கனமான பாத்திரத்தை விரலால் தூக்காமல் இரண்டு முன்கைகளிலும் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள். துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்குக் கெடுதல், தொங்கவிட்டு வடியட்டும். தடுப்பூசிகளில் நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் போடுவது நல்லது, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

வாழ்நாள் முழுவதும் மாத்திரையா? குறைந்தது 6 மாதம் முழுமையாக அடங்கியிருந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். அடியோடு நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது, எனவே சிறிய அளவில் தொடர்வதே வழக்கம்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு. ஆனால் இந்நோய் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது என்பதால் 3 மடங்கும் சிறிய எண்தான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு மட்டுமே. அறிகுறி இல்லாமல் ஆன்டி-சிசிபி எடுத்துப் பார்க்க வேண்டாம். புகை வேண்டாம், ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள், மூட்டில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம் 6 வாரம் நீடித்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். வீட்டில் குழந்தை பெறும் வயதில் யாருக்காவது இந்நோய் வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைடும் கருவைச் சிதைக்கும். மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிக்கும் முன் 3 மாதம் நிறுத்த வேண்டும், லெஃப்லுனோமைடை கொலஸ்டிரமின் கொடுத்து உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கர்ப்பத்திலும் தொடரலாம்.

அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. மற்ற மூட்டுகள் அமைதியாக இருக்க ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அது வாதம் கூடியதாக இல்லாமல் மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றே ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கண் சிவந்து, தூக்கத்தைக் கெடுக்கும் அளவு வலித்தால் கண் மருத்துவரிடம் அன்றே. மெத்தோட்ரெக்சேட் தொடங்கிய பின் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் புதிதாக வந்தாலும், வாயில் பல இடங்களில் புண் வந்தாலும், காரணமில்லாமல் தோல் கன்றினாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் மருந்துச் சீட்டும், கடைசியாக மாத்திரை போட்ட தேதியும் இருக்கட்டும்.